உற்பத்திக் கோப்பும் மூலவரைவும்

ஒரு பொருளைச் செய்தற்கு வேண்டும் அறிவு வேறு; அப்பொருளைத் திருத்தியமைத்தற்கு வேண்டும் அறிவு வேறு. முன்னது அளவும் வடிவும் பற்றியது. பின்னது காரணமும் தொடர்பும் பற்றியது. சாவியின் அச்சைப் பெற்ற கொல்லன் அதனையொத்த வேறொரு சாவியைச் செய்து தருவான். பூட்டின் உள்ளமைப்பை அவன் அறிந்திருத்தல் வேண்டா. பூட்டையே மாற்றியமைக்க வேண்டுமெனினோ அவ்வச்சு மாத்திரம் போதாது. மின்னணுக் கருவிகளின் உள்ளிருக்கும் சுற்றுப்பலகைகள் விடயத்திலும் இவ்வேறுபாடு பெரிதும் கருதத்தக்கது.

ஆய்வுகூடமொன்றில் இருபதாண்டுகளாக உழைத்த கருவி ஒன்று பழுதடைகின்றது எனக் கொள்வோம். அதன் பலகையில் உள்ள ஓர் உறுப்பு இப்போது எங்கும் உற்பத்தியாவதில்லை; அதற்கு ஈடான புதிய உறுப்போ வடிவில் வேறுபட்டது. ஆகவே பலகையைச் சிறிது மாற்றி வரைதல் வேண்டும். ஆயின் அதனை வரைந்தோர் தொழிலை விட்டு நீங்கிவிட்டனர், மூலவரைவு கிடைத்திலது. பலகையை அச்சிடத் தொழிற்சாலைக்கு அனுப்பிய உற்பத்திக் கோப்புகள் மாத்திரமே எஞ்சியுள்ளன. இக்கோப்புகளைக் கீகாட் என்னும் திறந்த மூல மென்பொருளினுட் கொணர்ந்து பலகையைத் திருத்தல் கூடுமா? கூடுமெனின் எவ்வளவிற்கு? இவ்வினாக்களை ஈண்டு ஆராய்வாம்.

சுற்றுப்பலகையின் அமைப்பு

கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து இறுக்கிய மின்கடத்தாத் தகட்டின்மீது மெல்லிய செப்புத்தாள் ஒட்டப்படுகின்றது. பெருவழக்கான பலகையின் தடிப்பு 1.6 மி.மீ.; அதன்மேலுள்ள செப்பின் தடிப்பு 35 மைக்கிரோமீற்றர். வேண்டிய இடங்களிற் செப்பைக் காத்து, ஏனைய இடங்களில் அதனை வேதித் திரவத்தாற் கரைத்து நீக்கினால், எஞ்சிநிற்கும் செப்புக் கோடுகள் கம்பிகளின் தொழிலைச் செய்யும். தடையி, கொள்ளளவி, திரான்சிற்றர், தொகையீட்டுச் சுற்று முதலான உறுப்புகள் செப்புத் திட்டுகளிற் பற்றாசு வைத்துப் பொருத்தப்படும். வியன்னாவிற் பிறந்து, 1936இல் இங்கிலாந்துக்குச் சென்ற போல் ஐஸ்லர் என்னும் பொறியியலாளர் இம்முறையை உருவாக்கி, 1943இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

பலகை ஒன்றாகத் தோன்றினும் அது பல படைகளால் ஆயது. மேற்செப்பு, கீழ்ச்செப்பு, பற்றாசு பரவாது தடுக்கும் பூச்சு இருபுறமும், உறுப்புகளின் பெயரெழுத்து இருபுறமும், பலகையின் விளிம்பு, துளைகள் என எண்ணின் இருபடைப் பலகை ஒன்றற்கே எட்டுக் கோப்புகள் வேண்டப்படும். சிக்கலான கருவிகளில் உட்செப்புப் படைகளும் உண்டு. ஒவ்வொரு படையும் தனித்தனிக் கோப்பாகவே தொழிற்சாலையைச் சேர்கின்றது.

கேர்பர் கோப்பின் தோற்றம்

துளை நீங்கலாக ஏனைய படைகள் யாவும் பெரும்பாலும் கேர்பர் என்னும் வடிவத்தில் எழுதப்படுகின்றன. இப்பெயர் யோசப் கேர்பர் என்பாரைக் குறிப்பது. அவரும் வியன்னாவிற் பிறந்தவரே. 1924இல் பிறந்த அவர் நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1940இல் அமெரிக்கா சேர்ந்தார். அவர் நிறுவிய கம்பனி 1960களில் ஒளியால் வரையும் பொறிகளை அளித்தது. ஒளிப்படச் சுருளின்மேல் ஒரு விளக்கு நகரும். விளக்கின் முன்னே பல துவாரங்கள் உடைய ஒரு சக்கரம் சுழலும். வேண்டிய துவாரத்தை விளக்கின் எதிரே நிறுத்தி, ஒளியை ஓரிடத்திற் பாய்ச்சினால் ஒரு திட்டும், பாய்ச்சிக்கொண்டே நகர்ந்தால் ஒரு கோடும் படத்தில் விழும். இப்பொறிக்கு இடப்பட்ட கட்டளைத் தொடரே கேர்பர் கோப்பாயிற்று.

அக்கட்டளை மொழியின் பழைய நிலை ஆர்எஸ்-274-டி எனப்பட்டது. எத்துவாரம் என்ன வடிவினது, என்ன அளவினது என்பது அக்கோப்பில் இராது. அதனை வேறொரு பட்டியலில் எழுதி உடன் அனுப்புதல் வேண்டும். பட்டியல் தொலைந்தால் கோப்புப் பயனற்றதாகும். பட்டியலிற் பிழை நேர்ந்தால் பலகை முழுதும் பிழையாகும். 1998இல் வெளியான ஆர்எஸ்-274எக்ஸ் இக்குறையை நீக்கித் துவார வரையறையைக் கோப்பினுள்ளேயே அடக்கியது. இவ்வடிவத்தின் பொறுப்பு இன்று பெல்ஜியத்தின் யூக்காம்கோ நிறுவனத்திடம் உள்ளது. அந்நிறுவனம் 2014இல் பழைய வடிவை வழக்கினின்று நீக்கியதாக அறிவித்தது. ஆயினும் அதற்கு முன்னர் எழுதப்பட்ட கோப்புகள் பேழைகளில் உறங்குகின்றன. அவற்றை எடுத்தாள்வோர் துவாரப் பட்டியல் உடனுள்ளதா என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

கோப்பின் மொழி

ஒளிபாய்ச்சும் விளக்கு மறைந்துவிட்டது. அதற்குரிய மொழி மறையவில்லை. இன்றைய கோப்பிலும் டி10 முதலாகத் தொடங்கும் எண்கள் துவாரங்களையே சுட்டுகின்றன. டி02 என்பது ஒளியின்றி நகர்க. டி01 என்பது கோடு வரைந்துகொண்டு நகர்க. டி03 என்பது இவ்விடத்தில் ஒரு திட்டு இடுக. வளைகோட்டிற்கும் நிரம்பிய பரப்பிற்கும் வேறு கட்டளைகள் உண்டு. முன்னர் வரைந்ததைத் துடைத்து நீக்கும் கட்டளையும் உண்டு. அதனாற் பிறக்கும் உருவங்கள் எதிருருவங்கள் எனப்படும். தாளில் எழுதுகோல் செல்லும் வழியை ஒருவன் வாயாற் சொல்லிக்கொண்டே போவது போன்றதே இம்மொழி.

இடத்தைக் குறிக்கும் எண்களிற் புள்ளி இராது. தசமத் தானங்கள் எத்தனை என்பது கோப்பின் தலைப்பிற் சொல்லப்படும். ஆறு தானங்கள் எனின், 1 மி.மீ. என்பது 1000000 என எழுதப்படும். துளைகளுக்குரிய எக்செலன் வடிவத்திலோ இவ்வகை அறிவிப்புப் பல வேளைகளிற் காணப்படாது. இடத்தைச் சுருக்கும்பொருட்டு எண்ணின் முன்னுள்ள சுழியங்களையோ பின்னுள்ள சுழியங்களையோ விட்டெழுதும் வழக்கமும் அதற்கு உண்டு. 1.5 மி.மீ. என்னும் அளவை மூன்று முழுத்தானமும் மூன்று தசமத்தானமும் கொண்டு எழுதினால் 001500 ஆகும். முன்சுழியங்களை விட்டால் 1500. இதனையே பின்சுழியங்கள் விடப்பட்டதாகக் கருதி வாசிப்பவன் 150000 என விரித்து, 150 மி.மீ. எனக் கொள்வான். ஓர் அனுமானம் பிழைத்தமையால் துளை நூறு மடங்கு தொலைவிற் சென்று விழுகின்றது. அங்குலத்தையும் மில்லிமீற்றரையும் மாற்றிக் கொள்வதும் இவ்வகைப்பட்ட மயக்கமே.

கோப்பு உரையாதவை

கேர்பர் கோப்பு எங்கே செப்பு இருத்தல் வேண்டும் என்பதைத் தவறாது உரைக்கும். அச்செப்பு எதன்பொருட்டு இருக்கின்றது என்பதை உரையாது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம்.

கோப்பொன்றில் எட்டு வட்டத் திட்டுகள் இரு நிரையாக, நிரைக்கு நான்கு வீதம் அமைந்துள்ளன. அடுத்தடுத்த திட்டுகளின் இடைத்தூரம் 2.54 மி.மீ.; நிரைகளின் இடைத்தூரம் 7.62 மி.மீ. இத்துறையிற் பழகியோர் இது எட்டுக் கால்களையுடைய தொகையீட்டுச் சுற்றின் இருக்கை என உடனே அறிவர். ஆயின் அவ்விருக்கையில் அமர்வது யாது? 555 என்னும் நேரங்கணிக்கும் சுற்றும், 741 என்னும் பெருக்கிச் சுற்றும், இரு பெருக்கிகளை ஒருங்கே கொண்ட வேறு பல சுற்றுகளும் அதே எட்டுக் கால் வடிவில் வருகின்றன. 555க்கு முதலாங் கால் நிலத்தொடுப்பு, எட்டாங் கால் மின்வழங்கல். 741க்கு நான்காங் காலும் ஏழாங் காலும் மின்வழங்கல். இரட்டைப் பெருக்கிகளில் நான்காங் காலும் எட்டாங் காலும் அத்தொழிலைச் செய்வது பெருவழக்கு. வடிவம் ஒன்று, பொருள் மூன்று. செப்புக் கோடுகள் எக்கால்களிலிருந்து மின்வாயிலுக்குச் செல்கின்றன என்பதைத் தொடர்ந்து சென்று நோக்கியே இன்னதென ஊகித்தல் கூடும்.

பழைய ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் இத்தகைய நிலையை நன்கறிவர். ஏட்டில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடுதல் அரிது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே வடிவின. எழுத்து ஐயமற்றிருப்பினும் சொல் ஐயத்திற்கு இடமாகும். முன்பின் பொருளறிந்தே பாடம் கொள்ளப்படும். கேர்பர் கோப்பை வாசிப்பவனும் அவ்வாறே செயற்படல் வேண்டும்.

தடையியின் நிலை இன்னும் இடர் மிக்கது. ஆயிரம் ஓம் தடையியும் பத்து இலட்சம் ஓம் தடையியும் ஒரே அளவின ஆதல் கூடும். பெயரெழுத்துப் படையில் அதன் வரிசையெண் காணப்படலாம். மதிப்புப் பெரும்பாலும் காணப்படாது. அதனை உறுப்புப் பட்டியலிலிருந்தோ, பலகையையே எடுத்து அளந்தோ அறிதல் வேண்டும்.

இக்குறையை நீக்கும் முயற்சிகளும் நிகழ்ந்தன. 2014இல் வந்த எக்ஸ்2 என்னும் விரிவு, இக்கோப்பு மேற்செப்பு, இது தடுப்புப் பூச்சு எனப் படையின் தொழிலைக் கோப்பினுள்ளேயே எழுத வழிசெய்தது. செப்புத் திட்டு எவ்வுறுப்பின் எக்கால், அது எந்த இணைப்பைச் சேர்ந்தது என்பவற்றையும் இப்பண்புக் குறிப்புகளால் எழுதலாம். 2020இல் வந்த எக்ஸ்3 உறுப்புகள் பற்றிய செய்திகளையும் சேர்த்தது. கோப்பை எழுதியோர் இக்குறிப்புகளை இட்டிருப்பின் வாசிப்போரின் வேலை பெரிதும் குறையும். ஐபிசி-டி-356 என்னும் மின்சோதனைக் கோப்பு உடனிருப்பின் அதிலிருந்தும் இணைப்புகளை அறியலாம். பழைய கோப்புகளில் இவ்வுதவியை எதிர்பார்த்தல் இயலாது.

கீகாட்டினுட் கொணர்தல்

கீகாட் 1992இல் பிரான்சு நாட்டின் ஜோன்-பியர் ஷாரா என்பவரால் தொடங்கப்பெற்றது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வு நிலையம் பின்னர் அதன் வளர்ச்சிக்குப் பெரிதும் துணை நின்றது. யாவரும் விலையின்றிப் பெறவும், அதன் மூலநிரலைக் கண்டு திருத்தவும் உரிமையுடையது. அதன் ஒரு பகுதியாகிய கேர்ப்வியூ உற்பத்திக் கோப்புகளைப் படமாகக் காட்டும் கருவி. மூலவரைவை மீட்கும் பணி இதிலிருந்தே தொடங்கும்.

முதலாவதாகக் கோப்புகள் யாவற்றையும் கேர்ப்வியூவில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறத்தல் வேண்டும். துளைகள் திட்டுகளின் நடுவே விழுகின்றனவா, விளிம்பு ஏனைய படைகளைச் சூழ்ந்து நிற்கின்றதா என நோக்குக. துளைகள் மாத்திரம் விலகி நின்றால் முற்கூறிய சுழிய மயக்கமோ அலகு மயக்கமோ நேர்ந்தது எனத் துணியலாம். அளவு தெரிந்த ஓர் உறுப்பின் கால்களுக்கிடையே அளந்து, 2.54 மி.மீ. வரவேண்டிய இடத்தில் அதுவே வருகின்றதா எனச் சோதிப்பது நன்று. மெய்ப்பலகை கையில் இருப்பின் அதன் நீள அகலங்களோடும் ஒப்பிடலாம்.

இரண்டாவதாக, கேர்ப்வியூவின் கோப்புப் பட்டியில் உள்ள ஏற்றுமதிக் கட்டளையால் இப்படத்தைப் பலகை வரையும் பகுதிக்கு அனுப்பலாம். எக்கோப்பு எப்படைக்கு உரியது என மென்பொருள் வினவும். இங்கே மேற்படையையும் கீழ்ப்படையையும் மாற்றி அமைத்தால் பலகை கண்ணாடியிற் கண்ட உருவமாய்விடும். தடுப்புப் பூச்சுக் கோப்பைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். அதில் வரையப்பட்டிருப்பவை பூச்சு உள்ள இடங்கள் அல்ல, பூச்சு நீங்கும் இடங்களே.

மூன்றாவதாக, கிடைத்ததன் தன்மையை உணர்தல் வேண்டும். கீகாட்டின் கையேடு கூறும் முறைப்படி, செப்புப் படையில் வரைந்த கோடுகள் மின்தடங்களாகவும், ஓரிடத்தில் இட்ட திட்டுகள் ஒருபுறமிருந்து மறுபுறம் செல்லும் ஊடுதுளைகளாகவும், ஏனைய படைகளின் கோடுகள் வெறும் வரைகோடுகளாகவும் மாறும். எதிருருவங்கள் மாறுவதில்லை. ஆகவே உறுப்பின் காலாக இருந்த திட்டு ஊடுதுளையாய் வந்து நிற்கும். எட்டுக் கால் இருக்கை, தம்முள் உறவற்ற எட்டுப் புள்ளிகளாய்ச் சிதறும். நிலத்தொடுப்பாகப் பரந்து கிடந்த செப்பைச் சில பழைய மென்பொருள்கள் நெருங்கிய நூற்றுக்கணக்கான கோடுகளால் நிரப்பி எழுதின. அவை அத்தனை கோடுகளாகவே வந்து சேரும். அக்கோப்புகளில் வலை போல் குழப்பம் தோன்றுவது இதனாலாகும்.

திரையில் முழுப் பலகை தோன்றக் கண்டு, பணி முடிந்தது எனக் கருதுவோர் உளர். ஒரு தடத்தை நகர்த்தி, வேறொரு தடத்தின்மேல் தவறுதலாக இட்டுப் பார்ப்பின் உண்மை விளங்கும். மூலவரைவில் இவை இரண்டும் வெவ்வேறு இணைப்புகள் என்பதை மென்பொருள் அறிந்திருக்குமாதலின் உடனே எச்சரிக்கும். இறக்கிய படத்தில் இணைப்பு என்னும் அறிவே இல்லாதபோது அவ்வெச்சரிக்கையை நம்பியிருத்தல் இயலாது.

மூலவரைவை மீட்டல்

அவ்வாறாயின் இறக்கிய படத்தின் பயன் யாது? அதனை முடிந்த பலகையாகக் கொள்ளாது, வரைவோனுக்கு அடித்தாளாகக் கொள்ளுதலே தக்கது. மெல்லிய தாளின்கீழ்ப் பழைய படத்தை வைத்து அதன் கோட்டின்மேற் கோடு இழுப்பார் போல, மீட்புப் பணி பின்வருமாறு நடைபெறும்.

மெய்ப்பலகை அல்லது உறுப்புப் பட்டியல் கொண்டு, எவ்விருக்கையில் எவ்வுறுப்பு என்பதை நிச்சயித்தல் முதற்படி. செப்புத் தடங்களைக் கால் காலாகத் தொடர்ந்து, எக்கால் எக்காலோடு சேர்கின்றது எனப் பட்டியல் எழுதுதல் இரண்டாவது. பலகை கையிலிருப்பின் மின்தொடர்ச்சி காட்டும் மானியால் இதனை உறுதிப்படுத்தலாம். அப்பட்டியலிலிருந்து சுற்று வரைபடத்தைக் கீகாட்டில் வரைதல் மூன்றாவது. இதுவே அறிவு மிகுதியாக வேண்டப்படும் படி. மின்வழங்கற் பகுதி இது, குறிகையைப் பெருக்கும் பகுதி இது எனப் பிரித்து வரைந்தாலன்றிப் பின்வருவோர்க்கு வரைபடம் பொருள் தராது. நூலகத்திலுள்ள மெய்யான உறுப்பிருக்கைகளை எடுத்து, அடித்தாளின் திட்டுகளோடு பொருந்த வைத்துத் தடங்களை மீண்டும் இழுத்தல் நான்காவது. பின்னர் அடித்தாளை நீக்கி, விதிச்சோதனையை இயக்குதல் வேண்டும். இப்பொழுது இணைப்புகள் மென்பொருளுக்குத் தெரிந்தவை. ஆதலின் அதன் எச்சரிக்கைகள் பொருளுடையன.

இறுதியில் ஒரு சோதனை உண்டு. புதிய வரைவிலிருந்து, யாதொரு மாற்றமும் செய்வதற்கு முன்னரே, கேர்பர் கோப்புகளை எழுதுவித்து, பழைய கோப்புகளோடு கேர்ப்வியூவில் ஒருங்கு திறந்து, வேறுபாடு காட்டும் முறையில் நோக்குதல் வேண்டும். ஒத்த பகுதிகளினின்றும் ஒவ்வாத பகுதிகள் வேறாகப் புலப்படும். அவ்வேறுபாடுகள் ஒவ்வொன்றிற்கும் காரணம் கண்ட பின்னரே உறுப்பை மாற்றும் பணியைத் தொடங்கலாம். இவ்வொழுங்கை மாற்றி, மீட்டலையும் திருத்தலையும் ஒருங்கே செய்யப் புகுந்தால், பின்னர்த் தோன்றும் பிழை பழையதோ புதியதோ எனப் பிரித்தறிய வழியிராது.

பிறர் உரிமையுடைய பலகையை இவ்வாறு மீட்பதற்கு அவர் இசைவும் நாட்டின் சட்டமும் இடந்தருகின்றனவா என்பதையும் முன்னரே அறிந்துகொள்ளுதல் கடன்.

பாதுகாக்கத் தக்கது யாது?

இங்ஙனம் மீட்டல் இயலும். ஆனால் அதற்கு ஆகும் உழைப்பு, முதன்முதல் வரைந்தோர் உழைப்பிற் பெரும்பகுதியை மீண்டும் செய்வதாகவே முடிகின்றது. மூலவரைவே கையிலிருப்பின் நிலைமை வேறு. ஈகிள் என்னும் மென்பொருளின் வரைவுகளைக் கீகாட் தன் ஐந்தாம் பதிப்பிலிருந்து நேரே வாசிக்கின்றது. அப்பதிப்பு 2018இல் வெளிவந்தது. 2021இன் இறுதியில் வந்த ஆறாம் பதிப்பு அல்டியம் வரைவுகளையும் வாசிக்க வல்லதாயிற்று. இவ்வழியில் உறுப்புகளும் இணைப்புகளும் தம் பெயர்களோடு வருகின்றன. சிற்சில திருத்தங்கள் வேண்டப்படினும் அறிவு அழிவதில்லை. ஈகிளுக்கு உரிய ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2026 ஜூன் 7ஆம் நாளோடு அதனை நிறுத்துவதாக 2023இல் அறிவித்தது. அவ்வரைவுகளைப் பேணி வைத்திருந்தோர்க்கு வேறு மென்பொருளிற் புகுதல் எளிது. உற்பத்திக் கோப்புகளை மாத்திரம் வைத்துக்கொண்டு வரைவுகளைக் கைவிட்டோர்க்கு முற்கூறிய நெடுவழியே எஞ்சும்.

திறந்த வன்பொருள் இயக்கத்தார் இதனை நன்குணர்ந்து விதி வகுத்தனர். 2011இல் வெளிவந்த திறந்த மூல வன்பொருள் வரைவிலக்கணம், திருத்தம் செய்தற்கு உகந்த வடிவிலேயே மூலத்தை அளித்தல் வேண்டும் எனக் கூறி, அச்சுக்கு ஆயத்தமான செப்புப்படம் போன்ற இடைநிலை வடிவங்களை அதற்கு ஈடாகக் கொள்ள மறுக்கின்றது. செர்ன் நிலையம் 2020இல் வெளியிட்ட திறந்த வன்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பும் முழு மூலம் என்பதற்கு இவ்வாறே பொருள் கூறுகின்றது. கேர்பர் கோப்பை மட்டும் வெளியிட்டுவிட்டு, எம் வரைவு யாவர்க்கும் திறந்தது என உரைத்தல் பொருந்தாது என்பது இவற்றாற் பெறப்படும்.

ஆகவே ஒரு பலகையைச் செய்விப்போர் தம் கோவையிற் சேர்த்து வைக்க வேண்டியவை ஐந்து: சுற்று வரைபடம், பலகை வரைவு, பயன்படுத்திய உறுப்பிருக்கைகளின் நூலகம், மதிப்புகளோடு கூடிய உறுப்புப் பட்டியல், உற்பத்திக் கோப்புகள். இவற்றுள் இறுதியானது தொலைந்தால் முன்னவற்றைக் கொண்டு ஒரு நாழிகையில் மீண்டும் எழுதுவிக்கலாம். முன்னவை தொலைந்தால் இறுதியானதைக் கொண்டு மீட்பதற்குப் பல நாளும், பழகிய கண்ணும், ஊகமும் வேண்டும். கீகாட்டின் இறக்குமதி வசதி அம்மீட்புப் பணிக்கு உற்ற துணை; எனினும் கோப்பில் எழுதப்படாத பொருளை எழுதித்தர அதனால் ஆகாது. பொருளை எழுதிவைப்பது வரைந்தோர் கடமை.